யாழும் பறையும்

பல்கலைக்கழகம் என்பது பட்டம் அச்சடிக்கும் பட்டறை அன்று. பழஞ்சுவடி அடுக்கும் பண்டசாலையும் அன்று. ஒரு நாட்டு மக்கள் தம்மைத் தாமே அறிந்துகொள்ள எழுப்பிய அறிவுக்கோட்டம் அது. அதன் இலக்கியத் துறையும் கலைத் துறையும் ஆற்றிய பணிகளைப் பட்டியலிட்டுப் பாராட்டுவது எளிது. விழா மலர்கள் அதனைச் செவ்வனே செய்கின்றன. அப்பணிகள் யாருக்குப் பயன்பட்டன, யாரை மறந்தன, எந்த ஒலிக்குச் செவி சாய்த்தன, எந்த ஒலிக்குக் கதவை அடைத்தன என்று கேட்பது திறனாய்வாளன் கடமை. அந்தக் கடமையைத் தமிழகத்தின் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றின்பால் ஆற்ற முனைகிறது இக்கட்டுரை. பகைமையால் அன்று; பற்றினால்.

சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அது. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி அதன் வித்து. அதனருகே தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. அவர் 20 இலட்சம் ரூபாய் நன்கொடை அளிக்க, அக்கல்லூரிகள் ஒன்றாகி 1929-இல் பல்கலைக்கழகம் மலர்ந்தது. வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தாரே ஒருவர், அதனை வாழ்த்தாத நா நன்றி மறந்த நா!

நிலைத்த பணிகள்

கட்டடத்தைவிடப் பெரிது, அங்கே வந்து அமர்ந்த அறிஞர் கூட்டம். ஈழத்துக் காரைத்தீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் அவ்விருக்கையில் அமர்ந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். வழக்கறிஞராயிருந்து தமிழாசிரியரானவர் அவர்; 1937-இல் கட்டாய இந்தி தலைநீட்டியபோது எதிர்ப்பு அணியின் முன்வரிசையில் நின்றவர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் உரை நயம் காட்டினார். ஔவை துரைசாமிப் பிள்ளை சங்க நூல்களில் தோய்ந்தார். வெள்ளைவாரணனார் எழுதிய 'பன்னிரு திருமுறை வரலாறு' இரண்டு பெருந்தொகுதிகளாய் வெளிவந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் இலக்கியத்தோடு மொழியியலையும் அங்கே வளர்த்தார்.

அறிஞர் மட்டுமா? அங்கே தமிழ் பயின்ற மாணவர் இருவர் நாட்டின் போக்கையே மாற்றிய அணியில் முன்னின்றனர். நாவலர் நெடுஞ்செழியனையும் பேராசிரியர் அன்பழகனையும் அறியாத தோழர் உண்டோ? 1965 சனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவற்படையின் குண்டுக்கு இரையானார். மொழிக்காக மாணவன் செந்நீர் சிந்திய மண் அது. ஆகவேதான் அந்த மண்ணில் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை கூடுகிறது.

கலைத் துறையின் பெருமையோ தனிப்பெருமை. தமிழன் நாட்டில், தமிழன் பணத்தில், தமிழன் செவிக்கு முன்னால் பாடப்பட்ட கச்சேரியில் தமிழ்ப் பாட்டு இறுதியிற் பாடும் துக்கடாவாய்ச் சுருங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. பொருள் புரியாத மொழியிற் பாடினால்தான் இசைக்கு மேன்மை என்றனர் சிலர். இசைக்கு மொழி ஏது என்றும் அவர்களே கூறினர். இசைக்கு மொழி இல்லையாயின், தமிழ் மட்டும் எப்படித் தடையாகும்? இந்தக் கேள்வியை நாடு கேட்கும்படி செய்தது 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரிற் கூடிய தமிழிசை மாநாடு. அதன் விளைவாய் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையாப் பிள்ளை போன்றோர் அப்பணியிற் பங்கு கொண்டனர். முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் மேடைக்கு மீண்டனர். இன்று ஒரு சிற்றூர்ச் சிறுமி தமிழ்க் கீர்த்தனை பாடிப் பரிசு பெறுகிறாள் என்றால், அந்த மாநாட்டின் கை அவள் தோளின்மீது இருக்கிறது.

யாழ் நூல்

இவ்வளவு பணிகளிலும் முடிமணி எது என்று கேட்டால், விபுலானந்தரின் 'யாழ் நூல்' என்பேன். அதனை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம், பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் அதனை எழுதியவர் அண்ணாமலைநகரில் தமிழ் கற்பித்த பேராசிரியர். பழந்தமிழிசையை மீட்கும் முயற்சி அங்கே வேரூன்றியதற்கு அவரும் ஒரு காரணர்.

அந்நூல் செய்தது என்ன? தமிழரின் யாழ் மண்ணிலிருந்து மறைந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. கருவி ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சியவை சொற்களே, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும், சிதறிக் கிடந்த சில குறிப்புகளும். அறிவியற் பட்டம் பெற்ற அடிகள் அச்சொற்களைக் கணக்காக மாற்றினார். நரம்பின் நீளத்தையும் ஒலியின் அளவையும் எண்ணிட்டுப் பார்த்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் ஆகியவற்றின் உருவை வகுத்தார். பாலைகளின் பிறப்பை விளக்கினார். தேவாரப் பண்களோடு அவற்றைப் பொருத்திக் காட்டினார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பு! 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார்.

இது மந்திரம் அன்று, பகுத்தறிவு. தேவலோகத்திலிருந்து நாரதர் கொண்டுவந்தார் என்று கதை சொல்லாமல், கோலும் கணக்கும் கொண்டு பழமையை அளந்து பார்த்தது அந்நூல். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதர் தொடங்கிய பாதையில் அது ஒரு நெடுந்தூரம். அதன் முடிபுகளில் மாறுபடுவோர் இருக்கலாம். அதன் முறையை மறுக்க முடியாது.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. மறைந்துபோன கருவியை உயிர்ப்பிக்க இத்துணை உழைப்பு ஈந்த நம் ஆராய்ச்சி உலகம், மறையாமல் ஒலித்துக்கொண்டிருந்த கருவிக்கு என்ன செய்தது?

ஒரே வரிசையில் இரண்டு

தொல்காப்பியத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்துக்கு நிலம் வேறுபடும் கருப்பொருள்களை அது வகுக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையும் யாழும் அந்தப் பட்டியலில் உள்ளன. இரண்டும் ஒரே நூற்பாவில்! குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று உரையாசிரியர்கள் விரிக்கின்றனர். யாழ் இல்லாத நிலம் இல்லை. பறை இல்லாத நிலமும் இல்லை.

புறநானூற்றுக்கு வாருங்கள். அதன் 335-ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளை எண்ணிச் சொல்கிறது. துடி முழக்குவோன் துடியன். யாழ் மீட்டுவோன் பாணன். பறை அறைவோன் பறையன். தொழிலாற் பெற்ற பெயர்கள் அவை. அருகருகே நின்ற பெயர்கள்.

அடியார்க்கு நல்லார் உரைக்கே வாருங்கள். யாழின் உறுப்பை அறிய அடிகள் திறந்த அதே அரங்கேற்று காதை உரையில், முப்பதுக்குக் குறையாத தோற்கருவிகளின் பெயர்கள் உள்ளன. கணப்பறை, சிறுபறை, பெரும்பறை, நாழிகைப்பறை ஆகியவை அவற்றுட் சில. அன்று பறை என்பது தோற்கருவிகட்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது என்பதையும் மறக்கலாகாது. மத்தளமும் முழவும் மேடைக்கு ஏறின, ஆலயத்துக்குள் நுழைந்தன, அரண்மனைக்குச் சென்றன. 'பறை' என்ற பெயர் ஒரு கருவியோடு மட்டும் ஒட்டிக்கொண்டு சேரியில் தங்கியது.

நூல் ஒன்றே, நூற்பா ஒன்றே, உரை ஒன்றே. அதிலிருந்து யாழை மட்டும் எடுத்துப் போற்றினோம். பக்கத்தில் இருந்த பறையை விட்டுவிட்டோம். இது கண்ணின் குற்றமா, கண்ணுக்கு மேல் கட்டப்பட்ட சாதித் துணியின் குற்றமா?

நந்தன் தந்த நரம்பு

இக்கேள்வியை வேறெங்கும் கேட்பதைவிடச் சிதம்பரத்திற் கேட்பதே பொருந்தும். காரணம், நந்தன்.

புராணத்தை நாம் வரலாறாக நம்புவதில்லை. ஆனால் புராணம் எழுதியவன் காலத்துச் சமுதாயம், அவன் அறிந்தோ அறியாமலோ அதில் பதிந்துவிடுகிறது. பெரிய புராணத்தில் சேக்கிழார் நந்தனின் தொண்டு எது என்று சொல்கிறார்? கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் தந்தான்; வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தந்தான். கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! யாழின் நரம்பு சேரியிலிருந்து வந்தது. தோலைப் பதப்படுத்தி, நரம்பை முறுக்கி, இசைக்கு உடல் செய்து தந்தவன் வெளியே நின்றான்; இசை உள்ளே சென்றது. அவன் உள்ளே வர விரும்பியபோது, அவனை வரவேற்றது தீ!

அந்நந்தன் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாக்கினார். அக்கீர்த்தனைகள் தமிழிசை மேடையின் செல்வங்களாயின. 1942-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்துப் பாடி நாட்டை உருக்கியவர் தண்டபாணி தேசிகர். அவரே பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறையின் தலைவராக விளங்கினார். அவரது குரல் பெருங்குரல், அவரது தமிழிசைத் தொண்டு பெருந்தொண்டு, ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். நந்தனின் துயரத்தைப் பாடும் பாட்டுக்குத் துறையில் இடம் கிடைத்தது. நந்தன் செய்த தோற்கருவிக்கு அதே பெருமையுள்ள இடம் கிடைத்ததா?

அங்கொருவர் இங்கொருவர் பறையைப் பற்றி ஆய்வேடு எழுதியிருப்பின் அவரை வாழ்த்துவோம். நான் கேட்பது ஆய்வேட்டை அன்று, இருக்கையை. பறையைப் பற்றி எழுதுவோனுக்குப் பட்டம் கிடைக்கலாம்; பறையை அறைவோனுக்கு ஆசிரியன் என்ற பெயர் கிடைக்க வேண்டாவா?

மறுப்புரைகளுக்கு மறுமொழி

முதல் மறுப்பு: பறைக்கு இலக்கண நூல் இல்லை; ஏடு இல்லாததை எப்படி ஆராய்வது?

இதற்கு விடை அதே பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அதன் மொழியியல் துறை 1963-இல் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டது. அத்துறையினர் 1970-களில் நீலகிரித் தோடர் மொழியையும் இருளர் மொழியையும் ஆராய்ந்து நூல்களாக்கினர். அம்மொழிகளுக்குப் பண்டை எழுத்து ஏது? இலக்கண நூல் ஏது? மலையேறிச் சென்று, பேசுவோரின் வாயிலிருந்து ஒலியைக் கேட்டு, ஒலியிலிருந்து விதியைக் கண்டனர். எழுதப்படாத பேச்சுக்கு இலக்கணம் காண முடியுமாயின், எழுதப்படாத அடவுக்கும் தாளத்துக்கும் இலக்கணம் காண முடியாதா? மொழியியல் மலைமேல் ஏறியது. இசையியல் தெருமுனை வரை நடக்கக் கூடாதா?

ஏடு இல்லாத இடத்தில் மக்கள் தொண்டையே ஏடு என்பதற்குத் தில்லையோடு தொடர்புள்ள சான்றே ஒன்று உண்டு. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையிற் கரையான் அரித்துக் கிடந்தன என்றும், அவற்றை மீட்டபின் பண் தெரியாமல் திகைத்தனர் என்றும், எருக்கத்தம்புலியூரில் இருந்த பாணர்குலப் பெண்ணொருத்தியைக் கொண்டே பண் வகுத்தனர் என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அரசன் இருந்தான், ஆசாரியன் இருந்தான், ஏடும் இருந்தது. இசை மட்டும் அவளிடம் இருந்தது. புராணமே ஒப்புக்கொள்ளும் இவ்வுண்மையைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்?

இரண்டாம் மறுப்பு: பறை சாவு வீட்டு மேளம், மங்கலம் அன்று.

சாவு வீட்டில் அழுவது இழிவா? பிறப்பைப் பாடிய இசை இறப்பைப் பாடாதா? நெய்தற்பறை என்று சாப்பறைக்குத் தனிப்பெயர் சூட்டியவர் சங்கச் சான்றோர். அவர்கள் அதனை இழிவென்று சொல்லவில்லை. வாழ்வின் நிலையாமையை உணர்த்தும் ஒலி என்றே கண்டனர். சாவு எல்லாச் சாதிக்கும் வருகிறது. சாவின் ஒலி மட்டும் ஒரு சாதிக்கு உரியதாம்! இவ்விழிவு கருவியில் இல்லை. கற்பித்தவன் நெஞ்சில் இருக்கிறது.

மூன்றாம் மறுப்பே வலியது. அதனை எழுப்புவோர் வைதிகர் அல்லர். தன்மானம் மிக்க சேரி இளைஞர்கள். "எம் தந்தையர் தோளில் கட்டாயத்தால் தொங்கிய பறையை நாங்கள் கழற்றி எறிந்தோம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டோம். அதையே மீண்டும் கலை என்று பூசி எங்கள் தோளில் மாட்டப் பார்க்கிறீர்களா?" என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்விக்கு முன் தலைவணங்குகிறேன். பிறப்பாற் சுமத்திய பறையை எறிந்தது கலையை எறிந்தது ஆகாது. அடிமைத்தனத்தை எறிந்தது ஆகும். அந்த மறுப்பைத் தவறென்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் ஊர்க் கட்டளை வேறு. வகுப்பறைக் கல்வி வேறு. ஊரில் இன்னார் மகன் அடிக்க வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத்தில் யார் மகனும் கற்கலாம், யார் மகளும் கற்கலாம் என்பது விதி. வயலின் கற்கும் மாணவனும் வீணை கற்கும் மாணவியும் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் ஏந்தி, முதுபெரும் பறைக் கலைஞர் ஒருவரை 'ஐயா' என்று அழைத்துப் பாடம் கேட்கும் நாளில், பறையிலிருந்து சாதி கழன்று விழும். அதனைக் கழற்றும் ஆற்றல் சொற்பொழிவுக்கு இல்லை, பாடத்திட்டத்துக்கு உண்டு. சேரி மகன் மட்டும் கற்கும் துறையாக அது அமையுமாயின், அது துறை அன்று, இன்னொரு சேரி.

நான் வகுப்பில் யாழின் படத்தைப் பலகையில் வரைந்து பெருமை பேசும் ஆசிரியன். என் மாணவர் எவரும் யாழைக் கண்டதில்லை. பறையைக் கேளாதவர் எவரும் இல்லை. காணாத கருவியைப் பாடமாக்கி, கேட்ட கருவியைப் பாடநூலுக்கு வெளியே நிறுத்தும் கல்வி, பறையர் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன சொல்கிறது? 'உன் முன்னோர் தமிழர். ஆனால் உன் தந்தையின் கலை தமிழ்க் கலை அன்று' என்றல்லவா சொல்லாமற் சொல்கிறது? இச்செய்தி நூலகத்தில் தொடங்கித் தொடக்கப்பள்ளி வரை இறங்குகிறது. பல்கலைக்கழகம் எதை ஆராய்கிறதோ அதுவே பாடநூலாகிறது. பாடநூல் எதைச் சொல்கிறதோ அதுவே பிள்ளையின் தலைநிமிர்வாகிறது, அல்லது தலைகுனிவாகிறது.

செய்யத் தக்கவை

குறை சொல்லி நிறுத்துவது நம் மரபன்று, வழி சொல்வோம்.

ஒன்று: யாழ் நூலுக்கு இணையாகத் 'தோற்கருவி நூல்' ஒன்று எழ வேண்டும். அடியார்க்கு நல்லார் எண்ணிய கருவிகளில் எவை வாழ்கின்றன, எவை பெயர் மாறின, எவை மறைந்தன என்று ஊர் ஊராய்ச் சென்று காண வேண்டும். ஒவ்வோர் அடியையும் பெயரோடு பதிவு செய்ய வேண்டும்; சொல்லித் தந்த கலைஞரின் பெயரை நூலின் முகப்பிலேயே பொறிக்க வேண்டும்.

இரண்டு: பட்டம் இல்லாத கலைஞரைப் பேராசிரியர்க்கு நிகரான ஊதியத்தில் அமர்த்த வேண்டும். வாய்மொழியாய்ப் பண் அறிந்த பாணர் மகளிடம் எந்தப் பட்டமும் இருந்ததில்லை.

மூன்று: இசை பயிலும் மாணவர் அனைவர்க்கும் பறை ஒரு பாடமாதல் வேண்டும்.

இலக்கியத் துறையும் இதிற் கைகோக்க வேண்டும். நாட்டுப்பாடல்களை நா. வானமாமலை போன்றோர் பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே நின்று திரட்டினர். தமிழிசைக்கு நான்கு தொகுதிக் கலைக்களஞ்சியம் ஒன்றை வீ. ப. கா. சுந்தரம் ஆக்க, திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முயன்றால் முடியும் என்பதற்கு இவை சான்று.

நாடு முன்னே சென்றுகொண்டிருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆசான் என்ற சொல் பறையோடு சேர்ந்து நாட்டின் பட்டியலில் ஏறிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பட்டியலில் எப்போது ஏறும்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013-இல் சட்டத்தின்வழி அரசின் பொறுப்பில் வந்தது. வள்ளல் ஒருவரின் கொடையாய்த் தொடங்கியது இன்று மக்கள் உடைமை. அந்த மக்களில் நெல் அறுப்போர் உண்டு. தோல் பதமிடுவோர் உண்டு. பறை முழக்குவோர் உண்டு. அவர்கள் செலுத்தும் வரி அங்கே விளக்காய் எரிகிறது. அந்த விளக்கின் ஒளி அவர்கள் முற்றத்திலும் விழ வேண்டும் என்று கேட்பது பிச்சை அன்று, உரிமை.

யாழைக் கண்டெடுத்த கைகளை வணங்குகிறோம். அந்த யாழுக்கு நரம்பு தந்தவன் வெளியே நிற்கும்வரை, கண்டெடுத்தது பாதி யாழே. மற்றப் பாதியையும் காணும் ஆராய்ச்சியே இனி ஆராய்ச்சி. அதற்குத் துணியும் துறையே தமிழர் துறை!